ஏழாம் வார்ட்டின் வாசனை மெசின்

அல்ஹாஜ் கலீலுர் றஹ்மான் ஜே.பி. எங்கே போனாலும் தன் பெயரை அங்கே விட்டுவிட்டு வருகிறவர். கிண்ணியாவில் அவர் பெயர் எழுதாத தண்ணீர்த் தாங்கி கிடையாது, பஸ் தரிப்பிடம் கிடையாது. வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்கும் நிழற்குடையில்கூட அவர் பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. ஆடுகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் ஒரே குறை. ஜே.பி. என்று போட்டால் மட்டும் போதாது, அடைப்புக்குறிக்குள் 'முழுத் தீவு' என்றும் போடவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். சமாதான நீதவான்களில் ஒரு மாவட்டத்தோடு நின்றுபோகிறவர்கள் உண்டு. ஹாஜியார் அந்த வகை அல்ல. பருத்தித்துறையில் ஒருவருக்குப் பத்திரம் அத்தாட்சிப்படுத்த வேண்டுமென்றாலும் தன் கையெழுத்துச் செல்லும் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அவருடைய தங்கையின் மகள் சித்தி பரீதாவுக்கு இந்தப் பெயர் வியாபாரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. மாமா கொடுக்கிறார், மாமா எழுதுகிறார், யாருக்கு என்ன நட்டம் என்று சிரித்துவிட்டுத் தன் சோத்துப் பார்சல்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள். வள்ளங்கள் திருத்தும் இடத்துக்கு மத்தியானச் சாப்பாடு அவளுடைய குசினியில் இருந்துதான் போகும். அவளுடைய புருசன் ஹஸ்மி அங்கேதான் வள்ளங்களின் என்ஜின் திருத்துகிறவன். மாமாவின் பெருமை அவளுடைய புருசனின் காலில் வந்து ஏறும்வரை, அதுவும் மாரிக்காலத்து நுளம்பு மாதிரி தட்டிவிட்டுப் போகிற காரியமாகத்தான் இருந்தது.

ஹஸ்மியின் காலில் முதலில் ஏறியது ஓர் ஆணி. பாலத்துக்குக் கீழே சேற்றில் ஒரு வள்ளத்தைத் தள்ளப் போனவன், சேற்றுக்குள் புதைந்து கிடந்த பழைய பலகையை மிதித்துவிட்டான். ஆணி செருப்பைத் துளைத்து, உள்ளங்காலைத் துளைத்து, நல்ல ஆழத்துக்குப் போய் நின்றது. பிடுங்கி எறிந்துவிட்டுக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் வந்தான். பரீதா ஏசி ஏசிக் கொண்டுபோய் ஏற்பு ஊசி போடுவித்தாள். அது நல்ல காரியம், தாடை பூட்டிக்கொள்கிற அந்த ஏற்பு வரவில்லை. ஆனால் ஆணி போன வாசல் அவசரமாக மூடிக்கொண்டது. வெளியே பார்த்தால் ஒரு சின்னப் பொட்டு. உள்ளே, காற்றுப் புகாத இருட்டில், சேற்றோடு போன சிலதுகள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தன. கால் வீங்கிக் கணுக்காலைத் தாண்டியபோது அவனை மோட்டார் சைக்கிளில் இருத்த ஏலாமல் ஓட்டோவில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஏழாம் வார்ட்டில் கிடத்தினார்கள்.

ஏழாம் வார்ட்டு சத்திரசிகிச்சை வார்ட்டு. அந்த மாதம் அது சத்திரத்தையும் சிகிச்சையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. உற்பத்தித்திறன் போட்டி. மேலிடத்திலிருந்து நடுவர்கள் வருவார்கள், சுத்தம் பார்ப்பார்கள், ஒழுங்கு பார்ப்பார்கள், புள்ளி போடுவார்கள். வார்ட்டுப் பொறுப்பான சிஸ்டர் கமலேஸ்வரி, பாலையூற்றில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் வைத்து, எல்லா இடத்துக்கும் ஒரு பெயர் ஒட்டியிருந்தார். துடைப்பம் தொங்கும் இடத்தில் 'துடைப்பம்'. வாளி இருக்கும் இடத்தில் 'வாளி'. சுவரில் பல்லி அடிக்கடி வந்து நிற்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. பல்லிக்கு ஒழுங்கு போதாது. கடல் காற்று வந்து ஒட்டினதையெல்லாம் கிளப்புகிறது என்று துறைமுகப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருந்தன.

பரீதா காலையில் சாப்பாட்டோடு வந்தால் பின்னேரம்வரை புருசனுக்குப் பக்கத்தில் நிற்கலாம். பெரிய டொக்டர் வரும் நேரத்திலும் நிற்கலாம். ஆண்கள் வார்ட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத அந்தச் சலுகையை மாமாதான் எடுத்துக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் பெயர் எழுதாமல் செய்த ஒரேயொரு உதவி அதுதான். கதை இப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் அதையும் செய்திருக்க மாட்டார்.

நாற்றத்தை முதலில் பிடித்தவள் பரீதா. கட்டு மாற்றுகிற நேரம் கட்டுச் சீலையின் கடைசிச் சுற்று கழன்றபோது அது வந்தது. மீன், இறால், நண்டு என்று எல்லா நாற்றத்தோடும் வளர்ந்தவள் அவள். செத்த மீனின் நாற்றத்தில் கடல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதில் ஒன்றும் மிச்சம் இல்லை. நண்டுக் கோதுகளைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டு, பெருநாள் முடிந்து திறந்து பார்த்த மாதிரி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பின்னேரம் மாமியும் மச்சியும் பார்க்க வருவார்கள். புருசனை நாற வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று கிண்ணியா முழுக்கக் கதை போகும். அதனால் கடையில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வந்து, கட்டுக்கு மேலே தானே தெளித்துவிட்டாள். முதல் தெளிப்பு அவளுடையதுதான். பிறகு மற்றவர்கள் அவளை நன்றாகவே மிஞ்சிவிட்டார்கள்.

அடுத்த நாள் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. கெண்டைக்கால் வீங்கித் தோல் வெண்கலப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. சிஸ்டர் கமலேஸ்வரியிடம் போய், புண் நாறுகிறது, டொக்டரிடம் சொல்லவேண்டும் என்றாள். சிஸ்டர் அப்போது 'கத்தரிக்கோல்' என்று ஒட்டிக்கொண்டிருந்தார்.

"புண் எண்டால் மணக்கத்தானம்மா செய்யும்," என்றார் திரும்பாமலே. "அதை டொக்டர் வாற நேரத்தில சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ. நாங்கள் கழுவித் தந்திடுவம்."

கழுவித்தான் தந்தார்கள். அதுதான் வினை. பெரிய டொக்டர் வருவதற்கு முன்னால் எல்லாக் கட்டையும் அவிழ்த்து, எல்லாப் புண்ணையும் மருந்துத் தண்ணீரால் கழுவி, புத்தம் புதிய வெள்ளைக் கட்டுப் போடவேண்டும் என்பது போட்டிக்காலச் சட்டம். நிலத்துக்கும் மருந்து. கட்டில் காலுக்கும் மருந்து. அப்படிக் கழுவித் துடைத்த புண்ணின் மேற்தோலில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தடவி, கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எடுத்து வைத்தார்கள். அனுப்பவேண்டிய சிற்றூழியர் 'விருந்தினர்களை வரவேற்கிறோம்' என்ற பதாகை கட்டிக்கொண்டிருந்ததால், குச்சி வெகுநேரம் தள்ளுவண்டியில் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. முடிவு வந்தது: கிருமி எதுவும் வளரவில்லை.

பெரிய டொக்டர் திலக்சன் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். கெட்டிக்காரர் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. அவர் வார்ட்டுக்குள் வருவது தேர் வருவது மாதிரி. முன்னால் அவர், பின்னால் சின்ன டொக்டர்மார், அதற்குப் பின்னால் மருந்து வண்டி, வண்டிக்குப் பின்னால் சிஸ்டர், எல்லாருக்கும் பின்னால் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு. தேர் கட்டிலின் கால்மாட்டில் நிற்கும். முகத்தில் மாஸ்க் இருக்கும். சின்ன டொக்டர் ஒருவர் ஒப்புவிப்பார்: ஆணி குத்தியது, மருந்து ஏறுகிறது, கிருமி வளரவில்லை. பெரிய டொக்டர் கட்டைப் பார்ப்பார். கட்டு நல்ல வெள்ளையாக இருக்கும். "குட். அதே மருந்தைக் குடுங்கோ," என்பார். தேர் நகர்ந்துவிடும். பரீதா வாயைத் திறந்த நாட்களில் சின்ன டொக்டர் கண்ணைக் காட்டினார். சிஸ்டர் முழங்கையைத் தொட்டார். ஒரு நாள் தேரின் கடைசிச் சில்லைப் பிடிக்கிற மாதிரி ஓடிப்போய்க் கதவடியில் நின்ற சின்ன டொக்டரிடம், கெண்டைக்காலை அமர்த்தினால் உள்ளே நொறுநொறுவென்கிறது என்று சொன்னாள். அவர் முகம் கறுத்தது. கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆனால் அவருடைய பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்து வைக்கவேண்டியவர் பெரிய டொக்டர். ஏற்கெனவே "குட்" என்று சொல்லிவிட்ட ஒரு காலைப் பற்றி அந்த மனுசனிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

கிருமி இல்லையென்றால் காய்ச்சலை யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், என்று பரீதா தனக்குள்ளே கறுவிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த கதவுகள் எல்லாம் தட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே கதவு மாமா.

மாமா பின்னேரம் வந்தார். நோயாளியைப் பார்க்க வரும்போது அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன அத்தர்ப் போத்தல் எப்போதும் இருக்கும். கண்ணாடி மூடியால் தொட்டு, நோயாளியின் கையிலும் தலையணையிலும் ஒரு பொட்டு வைத்து, துஆ ஓதிவிட்டுப் போவார். நல்ல எண்ணம்தான். பரீதா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், சொல்லவேண்டியதை மூச்சு விடாமல் சொன்னாள். புண் பிணம் மாதிரி நாறுகிறது. ஒருத்தரும் கிட்ட வந்து பார்க்கிறார்கள் இல்லை. உங்களுக்கு எல்லாரையும் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லுங்க.

ஹாஜியார் கவனமாகக் கேட்டார். தாடியைத் தடவினார். அவருடைய முகத்தில் கவலை வந்தது. பரீதாவின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

"நாறுதுதான் மவள்," என்றார். "நானும் கவனிச்சன். நம்மட குடும்பத்து ஆள் படுத்திரிக்கிற வார்ட்டு இப்படி நாறுறது மரியாதையில்ல. நீ யோசிக்காத. நான் செய்யிறன்."

அவர் சொன்னால் செய்கிறவர். செய்தார். அடுத்த நாளே கொழும்பில் இருந்து வாசனை மெசின்கள் வந்து இறங்கின. சுவரில் மாட்டுகிற வகை. பற்றறியில் வேலை செய்யும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாரும் கேட்காமலே 'புஸ்' என்று மல்லிகைப்பூ மணத்தைத் துப்பும். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் ஒரு தகடு: அன்பளிப்பு, அல்ஹாஜ் எம். கலீலுர் றஹ்மான் ஜே.பி. (முழுத் தீவு). சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர்கள் வருகிற கிழமையில் இப்படி ஓர் உதவி வானத்தில் இருந்து விழுமா? எல்லாவற்றுக்கும் நடுவில், விசேடமாக, ஹஸ்மியின் தலைமாட்டில் ஒன்று மாட்டப்பட்டது.

பரீதா அந்த மெசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு பற்றி எரிகிறது என்று கத்தினால், புகை கண்ணைக் கரிக்கும் என்று எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த மனுசனை என்ன செய்வது? அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை நொந்தது. மெசின் அவளைப் பார்த்து 'புஸ்' என்றது.

ஹஸ்மி கண்ணைத் திறந்து, "கலியாண வீடா புள்ள?" என்று கேட்டான். காய்ச்சலில் பகிடி விடுகிறானா, உண்மையாகவே கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

நடுவர்கள் வருகிற நாளும், மெசின்களை உத்தியோகபூர்வமாகக் கையளிக்கிற நாளும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தன. காலையில் வார்ட்டு வாசலில் நாடா கட்டியிருந்தது. மெசின்கள் ஏற்கெனவே மாட்டி, ஏற்கெனவே துப்பிக்கொண்டிருந்தாலும், நாடா வெட்டாமல் அவை வேலை செய்வதாக எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாஜியார் வெள்ளை ஜிப்பாவும் தோளில் சால்வையுமாக, நாலைந்து ஆதரவாளர்களோடு வந்திருந்தார். படம் பிடிக்க ஒருவர். எந்தக் கட்டிலடியில் படம் என்பதும் முடிவாகியிருந்தது. பெரிய டொக்டரும் ஹாஜியாரும் கைகுலுக்க, இருவருக்கும் நடுவில் மேலே மெசின், கீழே மருமகன். சொந்த மருமகனே பயன்பெறுகிறான் என்றால் பேப்பரில் எடுப்பாக இருக்கும்.

கட்டு மாற்றுகிற தாதி தட்டோடு வந்தாள். பரீதா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஹஸ்மியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாற்ற ஏலாது என்றாள். தாதி சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் புதுச் சீருடையில், நெஞ்சில் தன் பெயரும் ஒட்டிக்கொண்டு, ஓடி வந்தார். இண்டைக்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கவேண்டாம், எல்லாரும் வருகிற நேரம் என்று கெஞ்சினார்.

"நீங்க கழுவினா நான் கத்துவன் சிஸ்டர்," என்றாள் பரீதா. குரலை உயர்த்தவேயில்லை. "நாடா வெட்ட வாற எல்லார்ட காதிலயும் விழுற மாதிரிக் கத்துவன். நாத்தத்தக் கழுவிக் கழுவி எண்ட புருசனைக் கொல்றாங்க எண்டு சொல்லிக் கத்துவன்."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கத்துவாள் என்று தெரிந்தது. வாசலில் வாகனச் சத்தம். ஒரு புதுப் படுக்கை விரிப்பை எடுத்து ஹஸ்மியின் இடுப்பிலிருந்து பாதம்வரை மூடிவிட்டு, போதும் என்று சிஸ்டர் வாசலுக்கு ஓடினார். அவர் போனதும் பரீதா கட்டிலின் மேல் ஏறி நின்றாள். மெசினின் வயிற்றைத் திறந்து பற்றறிகளைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். சாத்தியிருந்த ஜன்னலைத் திறக்கவில்லை. அந்த நேரத்துக்குக் காற்று அவளுக்கும் வேண்டியிருக்கவில்லை. விரிப்புக்கு அடியில் கையை விட்டுக் கட்டை அவிழ்த்தாள்.

நாடா வெட்டப்பட்டது. கைதட்டினார்கள். ஹாஜியார் சிறு உரை நிகழ்த்தினார். சுத்தம் ஈமானின் பாதி என்ற நபிமொழியில் தொடங்கித் தன் மற்ற அன்பளிப்புகளில் முடித்தார். நடுவர்கள் 'வாளி' என்ற இடத்தில் வாளி இருப்பதைக் கண்டு தலையாட்டினார்கள். ஊர்வலம் ஹஸ்மியின் கட்டிலடிக்கு வந்தது. ஹாஜியார் ஒரு பக்கம், பெரிய டொக்டர் மறுபக்கம். படக்காரர் கமராவைத் தூக்கினார், இறக்கினார்.

"டொக்டர், அந்த மாஸ்க்கை ஒருக்காக் கழட்டினீங்களெண்டால்... முகம் வேணுமே."

பெரிய டொக்டர் ஹஸ்மியின் காலுக்காக ஒரு நாளும் கழற்றாத மாஸ்க்கைப் பேப்பருக்காகக் கழற்றினார். சிரிப்பை ஆயத்தப்படுத்தினார். பரீதா விரிப்பைத் தூக்கினாள்.

படம் பிடிபட்டது. பின்னாளில் அதை யாரும் பேப்பரில் போடவில்லை. அதில் ஒரு நடுவர் மூக்கைப் பொத்திய கைலேஞ்சிக்குள் ஒளிந்திருந்தார். இன்னொருவர் பாதிதான் தெரிந்தார், மிச்சப் பாதி ஏற்கெனவே வாசலை நோக்கிப் போய்விட்டது. ஹாஜியார் மட்டும் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி, பற்றறி குறைஞ்சிட்டுப் போல, என்று வாயோரத்தால் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய டொக்டரின் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அது போனது. மூக்கு ஒருமுறை விரிந்தது. அந்தக் கணத்தில் பெரிய டொக்டர் வெறும் டொக்டர் ஆனார். கையுறை கேட்டார். கொடுக்கிறவரை காத்திராமல் தானே இழுத்தெடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கெண்டைக்காலை மெல்ல அமர்த்தினார். அரிசிப்பொரிப் பையை அமர்த்துகிற மாதிரி உள்ளே நொறுநொறுவென்றது. இன்னும் கொஞ்சம் மேலே அமர்த்தினார். அங்கேயும்.

"எப்ப தொடக்கம் இப்படி?" என்று கேட்டார். சின்ன டொக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தாதியைப் பார்த்தார். தாதிக்குப் பார்க்க ஆள் இல்லாமல் 'கத்தரிக்கோல்' என்ற எழுத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாத்தத்தோட, ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?" டொக்டரின் குரல் உயர்ந்தது. கேள்வி சுற்றி வந்து பரீதாவிடம் நின்றது. "நீங்கள் பக்கத்தில இருக்கிறீங்கள். நீங்களாவது சொல்லியிருக்கலாமே அம்மா?"

அவள் அடக்கி வைத்த ஏச்செல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெளியே வந்தது கொஞ்சம்தான்.

"நேத்தும் இந்தக் கால் இதே கட்டில்லதான் டொக்டர் கிடந்த. நீங்க கட்டைப் பாத்திட்டுப் போனீங்க. இவங்க கழுவினாங்க. இவர் அத்தர் பூசினார். சொன்ன ஆள் நான் ஒருத்திதான். எல்லாருமாச் சேந்து எண்ட வாய்க்கும் புஸ் எண்டு அடிச்சீங்க."

டொக்டர் திரும்பவும் காலுக்குக் குனிந்தார். டொக்டர் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் ஓடினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், சதைக்குள்ளே, இருக்கக்கூடாத இடத்தில், காற்று கறுப்புக் கீறலாகத் தெரிந்தது. பஞ்சுக் குச்சியோடு வந்த தாதியை டொக்டர் தூக்கி எறிந்து பேசினார். இது காற்றுப் பட்டால் சாகிற கிருமி. மேற்தோலில் தடவிக் காற்றில் காயவிட்டால் ஆய்வுகூடத்துக்குப் போகிற வழியிலேயே செத்துவிடும். பிறகு ஒன்றும் வளரவில்லை என்று கடதாசி வரும், நாங்களும் நம்பிக்கொண்டு இருப்போம் என்றார். 'நாங்களும்' என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. மன்னிப்புக் கேட்பதற்கு அவர் மிக அருகே வந்த இடம் அதுதான். ஊசியை ஆழத்துக்கு விட்டுச் சீழை இழுத்து, ஊசிக்குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, மூடி போட்டு, ஒருவர் கையில் கொடுத்து, ஓடு என்றார். பதாகை கட்டிய அதே சிற்றூழியர்தான். இந்த முறை ஓடினார்.

முடிவுக்குக் காத்திருக்க முடியாது என்று டொக்டர் பரீதாவிடம் சொன்னார். காற்றில்லாத பாத்திரத்தில் வைத்து இந்தக் கிருமியை வளர்த்துப் பெயர் சொல்ல நாட்கள் எடுக்கும். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தால் வளர்க்க மட்டும்தான் மிஞ்சும், காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவு நாளும் ஏறின மருந்து இதைத் தொடாது. பெனிசிலினும் மெட்ரோனிடசோலும் உடனே ஏற்றவேண்டும். ஆனால் செத்த சதைக்குள் இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வெட்டித் திறந்து, செத்ததையெல்லாம் எடுக்கவேண்டும். எவ்வளவு எடுக்கவேண்டிவரும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"முழங்கால் மிஞ்சுமா?" என்று கேட்டாள்.

"இப்ப சொல்ல ஏலாது," என்றார் டொக்டர். "முதல்ல உயிர்."

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் வெட்டிய நாடாவின் ஒரு துண்டு கட்டிலின் சில்லில் சுற்றிக்கொண்டு சத்திரசிகிச்சைத் தியேட்டர்வரை போனது.

பரீதா தியேட்டர் வாசலில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிக்கொலோன் தெளித்த தன் கையை மணந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தாள். வெளியே மதிலோரத்தில், தெருவில் மாடு மாதிரித் திரிகிற ஊர் மான்கள் இரண்டு எறிந்து கிடந்த சோத்துப் பார்சலைக் கிளறிக்கொண்டு நின்றன. மாமா தூரத்தில் நின்று யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். தான் ஏற்பாடு செய்திராவிட்டால் டொக்டர் அந்தக் கட்டிலடிக்கே வந்திருக்க மாட்டார், மாஸ்க்கைக் கழற்றியிருக்கவும் மாட்டார், என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அவளுக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அது உண்மை.

கால் மிஞ்சியது. இரண்டு விரலும் பாதத்தின் ஓரமும் கெண்டைக்காலில் ஒரு நீளச் சதையும் போயின. உயிருள்ள சதை இரத்தம் காட்டும் இடம்வரை வெட்டினார்கள். தைக்காமல் திறந்தே விட்டார்கள். அடுத்த நாள் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். மருந்து ஏற ஏற ஹஸ்மிக்கு வாயெல்லாம் இரும்பு ருசித்தது. காலுக்குள் போன ஆணி ஏறி ஏறி வாய்க்கு வந்திட்டுது, என்று அவன் பகிடி விட்ட அன்று பரீதா முதன்முறையாக அழுதாள். ஆய்வுகூடத்தில் அந்தக் கிருமி வளர்ந்து பெயரும் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் எப்போதோ போயிருந்தது. தேர் இப்போது கால்மாட்டில் நிற்பதில்லை. டொக்டர் தலைமாட்டுக்கு வந்து, மாஸ்க்கை இறக்கி, குனிந்து மணந்து பார்த்துவிட்டுப் போனார். பின்னால் வந்த சின்ன டொக்டர்மாரும் வரிசையாக மணந்து பார்த்தார்கள். அதுவும் ஒரு சடங்காகிவிடும் போலத்தான் இருந்தது. ஏழாம் வார்ட்டுக்குப் போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது. இனிய வாசனைக்கு விசேட பாராட்டு.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னது கொஞ்சம்தான். மாத்திரையை முடிக்கவேண்டும், ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்து மணந்து பார்க்கவேண்டும், நாறினால் அன்றைக்கே வரவேண்டும். பரீதா வீட்டில் இருந்த ஓடிக்கொலோன், அத்தர், சாம்பிராணி, வாசனைச் சவர்க்காரம் எல்லாவற்றையும் பொறுக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வீடு வெறும் வீடாக மணந்தது.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, ஹாஜியார் ஆதரவாளர்களோடு வந்தார். புது ஜிப்பா. அவர் கேற்றைத் திறந்தபோதே அத்தர் முந்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்துவிட்டது. கையில் ஒரு பெட்டி. பரீதாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டுக்கும் ஒரு மெசின். தங்கத் தகடோடு.

அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, பெட்டி வெளியில இரிக்கட்டும். குழாயடியில சவர்க்காரம் இரிக்கி. முழங்கைமட்டும் கழுவிட்டு வாங்க. சால்வையையும் அங்க கழட்டி வெச்சிட்டு வாங்க."

"என்ன புள்ள இது, வீட்டுக்கு வாற ஆளுக்கிட்ட..."

"கழுவாம உள்ள வர ஏலாது மாமா."

ஆதரவாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுத் தீவுக்கும் உரிய சமாதான நீதவான், முற்றத்துக் குழாயடியில் குந்தி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கோழிகள் பார்த்திருக்கக் கழுவினார். ஒருமுறை கழுவிவிட்டு எழும்பினவரை, இன்னொருக்கா, என்றாள். திரும்பவும் குந்தினார்.

உள்ளே ஹஸ்மி கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். பரீதா கட்டை அவிழ்த்தாள். விரல்கள் இல்லாத இடம், வெட்டின இடம், சிவந்த புதுச் சதை, எல்லாம் வெளியே கிடந்தது. ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு துஆவுக்குக் கை ஏந்தினார்.

"அது பிறகு ஓதலாம்," என்றாள் அவள். "முதல்ல குனிஞ்சு மணந்து பாருங்க."

"மவள்..."

"அண்டைக்கு நாறுதெண்டு சொன்னன், நீங்க நம்பினீங்க. நம்பிட்டு மெசின் வாங்கினீங்க. இண்டைக்கு நாறல்லயெண்டு நான் சொல்லமாட்டன். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவருக்குக் குனிவது சுகமான காரியம் அல்ல. வயிறு இடையில் நின்றது. மூக்குக் கண்ணாடி வழுக்கி நுனிக்கு வந்தது. பிடித்துக்கொள்ள எவரும் கை கொடுக்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி, தன் மருமகனின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கைக் கொண்டுபோய் நிறுத்தினார். மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஒண்டும் மணக்கல்ல," என்றார் கடைசியாக.

"இன்னும் கிட்ட," என்றாள் பரீதா.